மாரி ஈக்களும் கிணற்று நுளம்பும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீண்டு ஒடுங்கிக் கிடப்பது மன்னார்த் தீவு. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுள்ள அம்மணல் நிலத்தைப் பெருநிலத்தோடு ஒரு தாம்போதியும் பாலமும் இணைக்கின்றன. தீவிலே பனையும் உடையும் நிற்கின்றன. பள்ளிமுனையிலே, அராபிய வணிகர் கொண்டுவந்ததெனக் கருதப்படும் பெருக்க மரம் பருத்து நிற்கின்றது. பாலத்தைக் கடந்து பெருநிலத்துட் சென்றால், அருவி ஆற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக் குளமும், அதன் கீழே விரியும் நெல்வயல்களும், வயல்களின் எல்லையிலே தொடங்கும் பற்றைக்காடும் காட்சி தரும். காட்டோரக் காணிகளிலே மாட்டுப்பட்டி வைத்து வாழும் கமக்காரரும், கரையோரத்திலே வலை உலர்த்தி வாழும் கடற்றொழிலாளரும் இந்நிலத்தின் மக்களாவர்.

இம்மக்கள் ஆண்டைக் காற்றினாற் கணக்கிடுவர். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்றோடு வருவது மாரி. மன்னார் பெறும் மழையின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே பெய்து முடிந்துவிடும். வைகாசி தொட்டு ஆவணி வரையும் வீசுவது சோளகம். அது மழை தராது. மணலை வாரித் தூற்றும். நிலத்தின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். மாரி பிறந்தால் ஈயும் நுளம்பும் பிறக்கும், சோளகம் எழுந்தால் அவை ஒழியும் என்பது முன்னோர் கண்டறிந்த கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அண்மைக் காலத்திலே அக்கணக்குக்குள் அடங்காத ஒரு புதிய நுளம்பு மன்னாரிற் குடியேறியுள்ளது. அதனை அறிந்துகொள்வதற்கு முன்னர், மாரியோடு வரும் பழைய கடியினங்களைச் சற்று அறிந்துகொள்வது நன்று.

முதலிலே மாட்டு ஈயை எடுத்துக்கொள்ளலாம். குளத்தோரச் சேற்றிலும் சதுப்பிலும் அதன் புழுக்கள் வளர்கின்றன. மழை பெய்து சேறு இளகியபின் சிறகு முளைத்து வெளிவரும் ஈக்கள் பகல் வெளிச்சத்திலே பறந்து திரியும். கரிய நிறமுடையனவும் அசைவனவுமான பொருள்களை அவை நாடும். எருமையும் மாடும் அவற்றுக்கு எளிய இலக்காவது இதனாலேயே. அவற்றுள் ஆண் ஈ பூந்தேனை உண்டு வாழ்வது. பெண் ஈயே இரத்தம் குடிப்பது. அதன் வாயுறுப்பு நுளம்பினுடையதுபோல ஊசியாகக் குத்துவதன்று. சிறு கத்திபோலத் தோலைக் கீறி, கசியும் இரத்தத்தை நக்குவது. அக்கடி பெரிதும் நோவதும், கடித்த இடத்திலிருந்து இரத்தம் வடிவதும் இக்காரணம் பற்றியே. ஈக்கடி மிகுந்த நாள்களிலே மாடு மேயாது, பாலும் குறையும். எருமைகள் சேற்றிற் புரண்டு உடம்பெங்கும் மண் பூசிக்கொள்வதற்கு வெப்பம் ஒரு காரணமெனின், ஈ மற்றொரு காரணமாகும்.

இரண்டாவது இனம் பலரை ஏமாற்றுவது. மாரிக்காலத்திலே வீட்டு ஈயும் கடிக்கத் தொடங்கிவிடுகின்றது என்று கிராமங்களிற் சொல்வதுண்டு. வீட்டு ஈக்குக் கடிக்கும் வாய் இல்லை. அது நக்கி உண்பது. கடிப்பது அதனை ஒத்த உருவமுடைய வேறொரு ஈ. உற்று நோக்கினால் அதன் தலைக்கு முன்னே துவக்கின் முனையிற் செருகிய கத்திபோலக் கூரிய குழலொன்று நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இவ்வினத்திலே ஆண், பெண் இரண்டும் இரத்தம் குடிப்பன. மனிதரின் கணுக்காலையும் மாட்டின் முன்னங்காலையும் நாடிக் கடிப்பது இதன் வழக்கம். சாணமும் மூத்திரமும் கலந்து அழுகும் வைக்கோலே இதன் பிறப்பிடம். அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலே, கடல் ஒதுக்கிய பாசியும் புல்லும் குவிந்து அழுகும் இடங்களிலும் இது பெருகுவதைக் கண்டறிந்துள்ளனர். பட்டியைக் கூட்டி, நனைந்த வைக்கோலைப் பரப்பி உலர விட்டால் இதன் தொல்லை பெரிதும் குறையும். மாலையிற் பட்டியருகே புகை மூட்டும் பழைய வழக்கம் அந்நேரத்துக்கு ஈயை விலக்கும். ஆயின் பிறப்பிடத்தை ஒழிப்பதே நிலையான மருந்து.

மூன்றாவது மணல் ஈ. பெயர் மணல் ஈயாயினும் அது கடற்கரை மணலில் வாழ்வதன்று. எள்ளினும் சிறிய அவ்வுயிர் நிலவெடிப்புகளிலும், மாட்டுக்கொட்டிலின் ஈரமண்ணிலும், கறையான் புற்றுகளிலும் வளர்வது. நுளம்பைப்போல நீரில் முட்டையிடுவதன்று. இருக்கும்போது இறகுகளை மேனோக்கி விரித்து வைத்திருக்கும். தொட்டால் நெடுந்தூரம் பறவாது, தத்தித் தத்திச் செல்லும். அந்திக்குப் பின்னர்க் கடிக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண்களுக்குள்ளே எளிதில் நுழைந்துவிடும். இது பரப்பும் தோல்நோய் லீஷ்மேனியா எனப்படும். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 ஆம் ஆண்டில் அறியப்பட்டார். அதன்பின் வட மத்திய மாகாணத்திலும் தெற்கிலும் பிற இடங்களிலும் நோய் பரவிற்று. முகத்திலோ கையிலோ காலிலோ நோவும் அரிப்பும் இல்லாத ஒரு சிறு கட்டி தோன்றி, மாதக்கணக்கில் ஆறாது நின்றால், அதனைச் சிரங்கென்று புறக்கணித்தல் ஆகாது. அரசினர் வைத்தியசாலையிலே தோல் வைத்தியரிடம் காட்டினால் குணப்படுத்தலாம்.

இம்மூன்று இனங்களாலும் வரும் துன்பம் பெரிதாயினும், அவற்றால் ஊர்கள் அழிந்ததில்லை. ஊர்களை அழித்த வரலாறு நுளம்புக்கே உரியது. உலர்வலயத்திலே பெருங்குளங்களைக் கட்டி வாழ்ந்த சமுதாயங்கள் சிதைந்து, வயல்கள் காடாகிக் கிடந்த காலத்திலே, மீண்டும் குடியேற முனைந்தோரைப் பன்முறை விரட்டியது மலேரியாக் காய்ச்சலாகும். மண்ணீரல் வீங்கி, வயிறு பருத்து, கைகால் மெலிந்த குழந்தைகளைக் காட்டோரக் கிராமங்களில் எங்கும் காணக்கூடியதாயிருந்த காலம் ஒன்றிருந்தது.

அக்காய்ச்சல் நுளம்பின் வழியே பரவுவதென்பதை உலகம் அறிந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1897 ஆம் ஆண்டு ஆகத்து 20 ஆந் திகதி, சிக்கந்தராபாத்திலே வைத்தியர் ரொனால்ட் றொஸ், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பொன்றின் வயிற்றுச் சுவரிலே மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பின் பொருட்டு 1902 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்லா நுளம்பும் மலேரியாவைப் பரப்புவதில்லை என்பதும் அதன்பின் தெளிவாயிற்று. அனோபிலிஸ் என்னும் இனத்துப் பெண் நுளம்பே அதனைப் பரப்புவது. முட்டை விளைவதற்கு இரத்தம் வேண்டியிருத்தலாற் பெண் கடிக்கின்றது. ஆண் செடிகளின் சாற்றை உண்டு வாழ்கின்றது.

அனோபிலிஸ் நுளம்பைப் பிரித்தறிவது கடினமன்று. சாதாரண நுளம்பு சுவரில் இருக்கும்போது உடம்பைச் சுவருக்கு ஒத்த நிலையில் வைத்திருக்கும். அனோபிலிஸோ தலையைக் கீழே தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, சுவரிற் சாய்வாகக் குத்திய முள்ளைப்போல இருக்கும். நீரில் வாழும் குடம்பிப் பருவத்திலும் வேறுபாடு உண்டு. சாதாரண நுளம்பின் குடம்பி நீரின் மேற்பரப்பிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அனோபிலிஸின் குடம்பி மேற்பரப்பை ஒட்டி, மிதக்கும் சிறு துரும்பைப்போலப் படுத்திருக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை முகந்து பார்த்தால் பாடசாலைப் பிள்ளையும் இதனை அறிந்துகொள்ளலாம்.

இலங்கையிலே நெடுங்காலம் மலேரியாவைப் பரப்பிய தலைமை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்பது. அது தெளிந்த, அசையாத நீரை விரும்புவது. ஆறு பெருகி ஓடும்போது அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். ஆறு வற்றி, மணலிடையே சிறுசிறு குட்டைகளாகத் தேங்கும்போதே அது பல்கிப் பெருகும். இவ்வுண்மையை நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1934 ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக வற்றாத ஆறுகளும் வற்றின. ஆற்றுப்படுகைகள் எங்கும் குட்டைகள் தோன்றின. தொடர்ந்து 1934-35 இல் எழுந்த கொள்ளைநோயிலே ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். ஆண்டுதோறும் காய்ச்சலுக்குப் பழகி ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த உலர்வலயத்தை விட, அந்நோயை அதிகம் அறியாதிருந்த குருநாகல், கேகாலைப் பகுதிகளே மிகுதியும் அழிவுற்றன. மழை மிகுதியால் மட்டுமன்றி மழையின்மையாலும் நுளம்பு பெருகும் என்பதும், நோயை அறியாத மக்களிடையே நோய் புகின் அதன் கொடுமை பன்மடங்காகும் என்பதும் அவ்வாண்டு புகட்டிய இரு பாடங்களாகும்.

மூன்றாவது பாடமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், டி. டி. ரி. மருந்தை வீடுகளின் உட்சுவர்களிலே தெளிக்கும் வேலை நாடெங்கும் நடைபெற்றது. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் அமர்ந்து இளைப்பாறும் இயல்புடையதாதலின், சுவரிலிருந்த மருந்து அதனைக் கொன்றது. நோய் வியக்கத்தக்க வகையிற் குறைந்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரை வருத்திய காய்ச்சல், 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேரை மட்டுமே பீடித்தது. இனி அஞ்சுவதற்கு எதுவுமில்லை என்ற எண்ணம் பரவிற்று. மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1967 இல் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1969 இல் நோயாளிகளின் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அதற்குள் நுளம்பு டி. டி. ரி. மருந்தைத் தாங்கும் வலிமையும் பெற்றுவிட்டது. பதினேழு பேர் எஞ்சியிருந்த நிலையிலிருந்து மீண்டும் நோயை அடக்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

அந்த நாற்பது ஆண்டுகளின் உழைப்பு சிறிதன்று. மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் போர் நடந்த பகுதிகளிலும் இரத்தம் சோதித்தனர்; மருந்தூட்டிய வலைகளை வழங்கினர். 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின்னர் நாட்டின் நுளம்பினாற் பரவிய மலேரியா நோயாளி எவரும் காணப்படாத நிலை எய்தப்பட்டது. 2016 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே, உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துச் சான்று வழங்கியது.

அச்சான்று கிடைத்து மூன்று மாதங்களே சென்றிருந்தன. 2016 டிசம்பரிலே, மன்னாரின் கிணறுகளில் நுளம்புக் குடம்பிகளைச் சேகரித்துச் சோதித்த ஆராய்ச்சியாளர், அதுவரை இலங்கையில் அறியப்படாத ஓர் இனத்தைக் கண்டனர். அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அதுவேயாகும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

இந்நுளம்பின் இயல்பு குலிசிபேசிஸ் நுளம்பின் இயல்பினின்றும் வேறானது. அது ஆற்றுப்படுகையையோ காட்டுக் குட்டையையோ எதிர்பார்த்திருப்பதன்று. கிணறு, நீர்த்தொட்டி, வீட்டின் மேலே வைத்த தாங்கி, கட்டட வேலைக்கென நீர் நிறைத்த பீப்பாய் என மனிதன் தனக்காகச் சேர்த்துவைக்கும் நீரே அதன் தொட்டில். ஆதலின் அதற்கு மாரியும் வேண்டியதில்லை. சோளகம் வீசி, குளமும் குட்டையும் வறண்டு கிடக்கும் காலத்திலும் கிணற்றில் நீர் உண்டு. நீர் அரிதாக அரிதாக, மக்கள் மேலும் மேலும் பாத்திரங்களிலே நீரைச் சேர்த்து வைக்கின்றனர். கோடையே நுளம்பிலிருந்து விடுதலை தரும் காலம் என்ற பழைய கணக்கு இங்கேதான் பிழைத்துப் போகின்றது.

மன்னார்த் தீவின் நிலவியல்பு இந்நுளம்புக்கு மிகவும் ஏற்றது. அங்கே ஆறும் இல்லை, பெருங்குளமும் இல்லை. மணலில் ஊறி இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. சில அடி தோண்டினாலே நீர் சுரக்கும். ஆழமாகத் தோண்டினால் உவர் கலக்கும். ஆகையால் வளவுதோறும் ஆழமற்ற கிணறுகள் உள்ளன. நீர்மட்டம் வெளிச்சத்துக்கு அண்மையில் இருத்தலால் நுளம்பு எளிதில் இறங்கி முட்டையிடும். குழாய்நீர் வந்த வீடுகளிலே கிணறு பாவிக்கப்படாமற் கிடக்கின்றது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வளவுகளிலே பாழ்பட்ட கிணறுகள் பற்றை மூடிக் கிடந்தன. நாள்தோறும் வாளி விழும் கிணற்றிலே நீர் அசைந்துகொண்டிருக்கும். கைவிடப்பட்ட கிணற்றிலோ நீர் அசைவதில்லை, எவரும் எட்டிப் பார்ப்பதுமில்லை.

மலேரியா இல்லாத நாட்டில் ஒரு நுளம்பு வந்தால் என்ன என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. நுளம்பு தானாக நோயை உண்டாக்குவதில்லை. ஒட்டுண்ணியைச் சுமந்த மனிதனிடமிருந்தே அது நோயைப் பெறவேண்டும். இந்தியாவுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் தொழில், வணிகம், யாத்திரை முதலியவற்றின் பொருட்டுச் சென்று மீள்வோருள்ளும், அந்நாடுகளிலிருந்து இங்கு வருவோருள்ளும் சிலர் ஆண்டுதோறும் அவ்வொட்டுண்ணியைத் தம் இரத்தத்திற் கொண்டு வருகின்றனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. இரு கரைகளையும் நெடுங்காலம் தோணியும் கப்பலும் இணைத்துவந்தன. போருக்கு அஞ்சி அக்கரை சென்ற மக்கள் பின்னர் இக்கரை மீண்டனர்.

நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சேரும் படிகளை எண்ணிப் பார்த்தால் ஆபத்தும் தெரியும். அதனைத் தடுக்கும் இடமும் தெரியும். ஒட்டுண்ணியோடு ஊர் திரும்பிய ஒருவரை அனோபிலிஸ் நுளம்பு கடிக்கின்றது. ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் வளர்ந்து முதிர்வதற்கு ஏறத்தாழப் பத்து முதற் பதினான்கு நாள்கள் வேண்டும். அதுவரை உயிர்வாழும் நுளம்பே அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும். அவ்வடுத்தவருக்குக் காய்ச்சல் வெளிப்பட மேலும் ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். முதல்வரின் காய்ச்சலை ஒருசில நாள்களுக்குள்ளே இரத்தச் சோதனையால் அறிந்து மருந்து கொடுத்துவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அவரைச் சாதாரணக் காய்ச்சலென்று விட்டுவிட்டால், காய்ச்சல் அவரோடு நில்லாது அயல் வீடுகளுக்கும் செல்லும். விவாக்ஸ் என்னும் வகை ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழிந்த பின்னரும் எழக்கூடியது. ஆதலின் காய்ச்சல் தணிந்ததும் மருந்தை இடையில் நிறுத்துதல் பெருந்தவறாகும்.

இங்கே 1934 ஆம் ஆண்டின் பாடம் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 2012 க்குப் பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் எவரும் தம் ஊரிலே மலேரியாவைக் கண்டவரல்லர். அவர்களின் உடலுக்கு அந்நோயை எதிர்த்துப் பழக்கமில்லை. இளம் வைத்தியர்களிற் பலர் மலேரியா நோயாளி ஒருவரையேனும் நேரிற் கண்டிலர். காய்ச்சலென்றால் டெங்கு என்று எண்ணுவதே இன்று இயல்பாகிவிட்டது. வெற்றி பெற்ற நாடு நோயை மறந்துவிடுகின்றது; அம்மறதியே நோய் மீண்டு வருவதற்கு வழியாகின்றது.

இந்நுளம்பு புகுந்த வேறு நாடுகளின் நிலை யாதெனக் காண்பதும் பயனுடையது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சிறு நாடான ஜிபுத்தி, மலேரியாவை ஏறத்தாழ ஒழித்துவிட்ட நிலையில் இருந்தது. 2012 ஆம் ஆண்டில் அங்கே பதிவான நோயாளிகள் முப்பதின்மர்க்கும் குறைவானவரே. அவ்வாண்டிலேயே ஸ்டீபன்சி நுளம்பு அந்நாட்டுத் துறைமுக நகரிற் காணப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழிந்து, 2020 இல் நோயாளிகளின் தொகை 70,000 ஐக் கடந்துவிட்டது. 2016 இல் எத்தியோப்பியாவிலும் அந்நுளம்பு கண்டறியப்பட்டது. ஆபிரிக்க மலேரியா பெரும்பாலும் நாட்டுப்புற நோயாகவே இருந்துவந்தது. நீர்த்தாங்கியில் வளரும் நுளம்பு அதனை நகரத்துக்கும் கொண்டுவந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் இந்நுளம்பு குறித்து எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தமைக்குக் காரணம் இதுவேயாகும். ஜிபுத்தியும் மன்னாரைப்போல வறண்ட, வெப்பம் மிகுந்த கடற்கரை என்பது கருதத்தக்கது.

கிணற்று நுளம்பை அடக்குவது இயலாத செயலன்று. பம்பாய் நகரம் அதற்கு ஒரு பழைய சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அந்நகரில் மலேரியா மிகுந்தபோது, வைத்தியர் பென்ற்லி என்பவர் ஆராய்ந்து, வீட்டுக் கிணறுகளே நுளம்பின் பிறப்பிடம் என 1911 ஆம் ஆண்டு அறிக்கையிற் காட்டினார். கிணறுகளை மூடவேண்டும் என்ற கட்டளை எழுந்தபோது மக்கள் எளிதில் இசைந்தாரல்லர். கிணற்று நீர் சூரியனைக் காணவேண்டும், புனிதம் கெடக்கூடாது என்பது பலரின், சிறப்பாகப் பார்சி மக்களின், உள்ளக்கிடக்கை. நுண்ணிய கம்பிவலை பொருத்திய மூடிகள் அதற்கு ஓர் இணக்கமாய் அமைந்தன. நுளம்பைத் தடுக்க விரும்புவோர் மக்களின் மனத்தையும் மதித்தல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மன்னாரிலும் கிணறு வெறும் நீர்நிலை அன்று. தந்தை தோண்டிய கிணறு என்றும், நல்ல தண்ணீர்க் கிணறு என்றும் மக்கள் அதனைப் போற்றுவர். அதனுள் மருந்து இடுவதென்றால் மனம் கூசும். ஆயினும் மருந்தில்லாத வழியும் உண்டு. குப்பி எனப்படும் சிறுமீன் நுளம்புக் குடம்பிகளை விரும்பி உண்பது. சில மீன்களைக் கிணற்றில் விட்டால் அவை தாமே பெருகி நீரைக் காவல் செய்யும். கிணற்றில் மீன் வளர்ப்பது தமிழருக்குப் புதிய வழக்கமுமன்று. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: கிணறு இறைத்துக் குளோரின் இட்டால் மீன் மடிந்துவிடும். ஆகையால் நீர் தெளிந்தபின் மீண்டும் மீன் விடல் வேண்டும். இதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்வது நன்று.

நீர்த்தாங்கிக்கு இடைவெளியற்ற மூடி வேண்டும். மூடியின் ஒரு விரற்கடை வெடிப்பும் நுளம்புக்குத் திறந்த வாயிலே. முட்டை பொரித்துக் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாய்ப் பறப்பதற்கு வெப்பமான காலத்தில் ஒரு வாரத்துக்குச் சற்றே மேற்செல்லும். ஆதலால் வாரம் ஒருமுறை பீப்பாய்களையும் தொட்டிகளையும் வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவினால், ஒரு தலைமுறை நுளம்பும் முற்றுப்பெறாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பும் இத்தகைய பாத்திரங்களிலேயே வளர்வதால், ஒரு செயலால் இரு நோய்கள் தடுக்கப்படும். பாவனையற்ற கிணறுகளை மண்ணிட்டு நிரப்புதல் வேண்டும். நிரப்ப விரும்பாதோர் வலையிட்டு மூடுதல் வேண்டும்.

காட்டோரக் காணிகளில் வாழ்வோர் பழைய குலிசிபேசிஸ் நுளம்பையும் மறத்தலாகாது. அருவி ஆறு வற்றும் மாதங்களிலே மணற்குட்டைகளில் அது இன்றும் வளரக்கூடியது. வயலிற் காவலிருப்போரும், ஆடி, ஆவணி மாதங்களில் மடுத் திருவிழாவுக்கு வந்து மரநிழலிற் கூடாரமிட்டுத் தங்குவோரும் வலைக்குள்ளே உறங்குதல் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கடல் கடந்து சென்று மீண்டோர், மீண்டபின் ஓராண்டுக்குள்ளே காய்ச்சலுற்றால், தாம் சென்ற நாட்டின் பெயரை வைத்தியருக்குச் சொல்லி, மலேரியாவுக்கென இரத்தம் சோதிக்கும்படி கேட்டல் வேண்டும். அரசினர் வைத்தியசாலைகளிலே அச்சோதனைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டியதில்லை. மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுவோருக்கு முற்காப்பு மருந்தையும் தடுப்பு இயக்கத்தினர் இலவசமாகவே வழங்குகின்றனர். சென்று மீண்டதை வெளியிட விரும்பாது மறைப்போரும் உளர். அம்மறைப்பு அவருக்கு மட்டுமன்றி, அவரது கிணற்றிலே நீர் அள்ளும் அயலாரின் பிள்ளைகளுக்கும் கேடாய் முடியும்.

மாட்டு ஈயும், கடிக்கும் பட்டி ஈயும், மணல் ஈயும் மாரியோடு வந்து மாரியோடு தணிவன. அவற்றைப் பொறுத்துக்கொள்ளவும் புகையிட்டு விரட்டவும் மன்னார் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். கிணற்று நுளம்பு அவ்வாறு தானே தணிவதன்று. 1963 இல் பதினேழாகக் குறைந்த நோய் மீண்டும் ஐந்து இலட்சத்தைக் கடந்தது, காவலிருந்தோர் உறங்கியமையாலேயே. இன்று அக்காவல் மருந்து தெளிக்கும் ஊழியரின் கையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வாளியோடு கிணற்றடிக்குச் செல்பவர், நீரை அள்ளுமுன் ஒரு கணம் குனிந்து அதன் மேற்பரப்பை நோக்குவாராயின், நாட்டின் வாயிலிலே சிறந்த காவலர் அவரே ஆவர்.